அமெரிக்க அரசுப் பணத்தில் போகும் கடல் சரக்கு: பி.எல். நகலைச் சரியாக அனுப்புவது எப்படி?

நான் வேலை செய்வது கோவையில் ஒரு ஃபவுண்டரியில். ஏற்றுமதிக் காகிதங்கள் என் பொறுப்பு. அமெரிக்காவில் மெட்ரோ ரயில் பெட்டி கட்டும் ஒரு நிறுவனத்துக்குக் கியர்பாக்ஸ் கூடுகளை வார்த்து, கடைந்து அனுப்பினோம். சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. தரச் சோதனையிலும் தேறியது. ஆனால் பணம் வரவில்லை. காரணம் கேட்டால், “நீங்கள் கொடுத்த பில் ஆஃப் லேடிங்கில் கட்டணம் இல்லை, கப்பலின் கொடி இல்லை, எடை பவுண்டில் இல்லை; இதை நாங்கள் அரசுக்கு அனுப்ப முடியாது” என்று பதில் வந்தது. பில் ஆஃப் லேடிங், சுருக்கமாகப் பி.எல்., என்பது சரக்குக்குக் கப்பல் தரப்பு கொடுக்கும் ரசீது. எந்த அரசுக்கு, எதற்காக என்றே அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் நகலை அனுப்பும் கெடு முடிய ஆறு வேலை நாட்கள்தான் பாக்கி.

அமெரிக்கக் கூட்டரசின் பணம் கலந்த சரக்கு கடல் வழியாகப் போனால், அதில் பாதியாவது அமெரிக்கக் கொடியுள்ள தனியார் கப்பல்களில் போக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இதுதான் சரக்கு முன்னுரிமை விதி. கணக்கு எடையை வைத்து. சரக்கின் விலையை வைத்து அல்ல. அந்தக் கணக்கைப் பார்ப்பது அங்குள்ள கடல்சார் நிர்வாகம். சுருக்கமாக ‘மாராட்’ என்பார்கள். ஒவ்வொரு அனுப்பீட்டின் பி.எல். நகலும் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். முதன்முறை இந்த வேலையைச் செய்பவர்களுக்காக, நான் பட்ட பாட்டை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. பணம் யாருடையது என்று முதலில் கேளுங்கள்

உங்களிடம் வாங்குபவர் தனியார் நிறுவனமாக இருக்கலாம். அவரிடம் வாங்குவது ஏதோ ஒரு நகரத்தின் போக்குவரத்துக் கழகமாக இருக்கலாம். அந்தக் கழகத்துக்கு வாஷிங்டனிலிருந்து மானியம் வந்திருந்தால் போதும், விதி சங்கிலியில் இறங்கி இறங்கி உங்கள் வாசலுக்கு வந்துவிடும். எங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான்: கூட்டரசுப் போக்குவரத்து நிர்வாகம் மானியம் கொடுத்தது, நகரக் கழகம் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது, பெட்டி கட்டுபவர் எங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். நாங்கள் நான்காவது படியில் நின்றுகொண்டு இது சாதாரண தனியார் வியாபாரம் என்று நினைத்திருந்தோம்.

விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: “இந்த ஆர்டரில் அமெரிக்கக் கூட்டரசுப் பணம் உண்டா? உண்டென்றால் எந்தத் துறையின் பணம்? சரக்கு முன்னுரிமை விதி எங்களுக்குப் பொருந்துமா?” பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் கேட்ட “அதெல்லாம் ஒன்றுமில்லை” பின்னால் உதவாது.

பொருந்தாத இடங்களும் உண்டு. நெடுஞ்சாலைத் திட்டங்களில், ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று தருவிக்கும் பாலத்து இரும்பு உத்தரத்துக்கு விதி பொருந்தும். வியாபாரி தன் பொதுக் கையிருப்பை நிரப்பத் தருவிக்கும் சிமெண்டுக்கும் தாருக்கும் ஜல்லிக்கும் பொருந்தாது. ஆனால் “நம்முடையது பொதுக் கையிருப்புதான்” என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் உங்களிடம் வாங்கும் ஒப்பந்ததாரர்.

2. ஆர்டரில் எந்த விதி ஒட்டியிருக்கிறது என்று தேடுங்கள்

பர்ச்சேஸ் ஆர்டரின் பின்னால் நாற்பது பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் வரும். யாரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. அதில் மூன்று எண்களைத் தேடுங்கள்.

‘46 சி.எஃப்.ஆர். 381’ என்று இருந்தால் அது மாராட்டின் விதித்தொகுப்பு. மானியம், கடன், உத்தரவாதம் ஆகியவற்றின் பணத்துக்கான வாசகம் அதன் 381.7ஆம் பிரிவில் இருக்கிறது.

‘எஃப்.ஏ.ஆர். 52.247-64’ என்று இருந்தால் கூட்டரசுத் துறை ஒன்று நேரடியாகக் கொள்முதல் செய்கிறது என்று பொருள். இந்த விதியில், சந்தையில் யாருக்கும் கிடைக்கும் வணிகப் பொருள்களுக்கான துணை ஒப்பந்தங்களுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. உங்கள் பொருள் அந்த வகையா என்று கேளுங்கள்.

‘டிஃபார்ஸ் 252.247-7023’ என்று இருந்தால் பாதுகாப்புத் துறையின் சரக்கு. இங்கே பாதிக்குப் பாதி என்ற பேச்சே கிடையாது, அமெரிக்கக் கொடிக் கப்பல்தான். வேறு கப்பல் வேண்டுமென்றால் கப்பல் புறப்படும் நாளுக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் அனுமதி கேட்க வேண்டும். ஒப்பந்ததாரர் தன் கடைசி இன்வாய்ஸில் கடல்வழி அனுப்பீடு பற்றிய உறுதிமொழியையும் சேர்க்க வேண்டும். அது இல்லாத இன்வாய்ஸ் திரும்பி வந்துவிடும்.

இறக்குமதி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவிலிருந்து நீங்கள் இயந்திரம் வாங்கி, அதற்கு அந்நாட்டு ஏற்றுமதி இறக்குமதி வங்கி நேரடிக் கடன் கொடுத்திருந்தால், கடன் ஒப்பந்தத்தில் கப்பல் பற்றிய பகுதியைத் தனியாக எடுத்துப் படியுங்கள். அங்கே அடிப்படை விதி முழுச் சரக்கும் அமெரிக்கக் கொடியில் என்பது. விலக்கு தருவது மாராட்.

3. கப்பலைப் பிடிக்கும் முன் கொடியைப் பாருங்கள்

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். அமெரிக்க நிறுவனத்தின் கப்பல் என்றால் அமெரிக்கக் கொடி என்று அர்த்தமில்லை. அமெரிக்கர்களுக்குச் சொந்தமான எத்தனையோ கப்பல்கள் லைபீரியாவிலோ மார்ஷல் தீவுகளிலோ பதிவாகியிருக்கின்றன. மறுபக்கம், ஐரோப்பியக் குழுமங்களின் அமெரிக்கக் கிளைகள் அமெரிக்கக் கொடியில் சில கப்பல்களை ஓட்டுகின்றன. மேர்ஸ்க் லைன் லிமிடெட், ஹபக்-லாய்டு யு.எஸ்.ஏ., ஏ.பி.எல். ஆகியவை அப்படிப்பட்டவை. சக்கரத்தில் உருளும் சரக்கென்றால் ஏ.ஆர்.சி. இருக்கிறது. ஆனால் அதே குழுமத்தின் மற்றக் கப்பல்கள் வேறு கொடியில் ஓடும். ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏறப்போகும் கப்பலின் பெயரையும் அதன் அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண்ணையும் வாங்கி, அந்தக் கப்பலின் பதிவுக் கொடி என்ன என்று பாருங்கள். வெளிநாட்டில் கட்டப்பட்டு அண்மையில் கொடி மாற்றிய கப்பலாக இருந்தால், கொடி இருந்தும் முன்னுரிமைக் கணக்கில் அது சேராமல் போகலாம். அதை மாராட்டிடமே ஒப்பந்ததாரர் வழியாக உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். நம் கண்டெய்னர் பெட்டி பெரும்பாலும் ஃபீடர் என்னும் சிறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே தாய்க் கப்பலுக்கு மாறும். ஃபீடரின் கொடி ஒன்று, தாய்க் கப்பலின் கொடி வேறு. இத்தொழிலில் இதைப் பி1, பி2, பி3 என்று பிரிக்கிறார்கள். வழி முழுவதும் அமெரிக்கக் கொடி என்றால் பி1. ஒரு பகுதி அமெரிக்கக் கொடி, ஒரு பகுதி வேறு கொடி என்றால் பி2. முழுவதும் வேறு கொடி என்றால் பி3. எது உங்கள் ஒப்பந்ததாரருக்குச் சரி என்று புக்கிங்குக்கு முன்பே கேளுங்கள். கப்பல் மாறும் துறைமுகத்தில் பெட்டி ஒரு வாரம் காத்திருந்து, புக்கிங்கில் சொன்ன கப்பலை விட்டு வேறு கப்பலில் ஏறுவது சகஜம். அப்படி மாறினால் உடனே தெரிவிக்கும்படி, கப்பலில் இடம் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டான ஃபார்வர்டரிடம் எழுத்தில் சொல்லி வையுங்கள்.

செலவு விஷயம். அமெரிக்கக் கொடிக் கப்பலின் கட்டணம் பொதுவாகக் கூடுதல். எங்கள் முதல் ஆர்டரில் கப்பல் கட்டணத்தையும் சேர்த்து சி.ஐ.எஃப். விலை கொடுத்திருந்தோம், அதுவும் இருப்பதிலேயே மலிவான கட்டணத்தைப் போட்டு. ஆர்டர் கையெழுத்தான பிறகு “கட்டணம் கூடிவிட்டது, கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்” என்று கேட்க முடியாது. இரண்டாவது ஆர்டரை எஃப்.ஓ.பி.க்கு மாற்றிக்கொண்டோம். கப்பலைத் தேர்ந்தெடுப்பதும் வாடகை கொடுப்பதும் வாங்குபவர் பாடு. சிறு நிறுவனங்களுக்கு என் யோசனை இதுதான். விதியைப் புரிந்தவர் கையில் கப்பல் இருக்கட்டும்.

4. கப்பலே இல்லை என்றால்

“கிடைத்தால்” அமெரிக்கக் கப்பல் என்றுதான் சட்டம் சொல்கிறது. நியாயமான கட்டணத்தில் என்றும் சொல்கிறது. ஆனால் கிடைக்கவில்லை என்பதையும், கட்டணம் நியாயமில்லை என்பதையும் தீர்மானிப்பது நீங்களோ ஃபார்வர்டரோ அல்ல. “அயல்நாட்டுக் கப்பலைவிட விலை அதிகம்” என்பது மட்டும் காரணமாகாது.

செய்ய வேண்டியது: அமெரிக்கக் கொடிக் கப்பல் ஓட்டும் நிறுவனங்களுக்குத் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். புறப்படும் துறைமுகம், சேரும் துறைமுகம், பெட்டிகளின் எண்ணிக்கை, எடை, தயாராகும் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். “அந்தத் துறைமுகத்தில் எங்களுக்குச் சேவை இல்லை” என்று வரும் பதில்களை அழிக்காமல் சேர்த்து, சரக்கு ஏறுவதற்கு முன்பே ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். அவர் தன் மேலிடத்தின் வழியாக மாராட்டுக்குக் கொண்டுபோவார். சரக்கு ஏறிய பிறகு கேட்டால் அதற்கு மதிப்பில்லை.

முதலில் அமெரிக்கக் கப்பலுக்கான சரக்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிறகு பார் என்பதும் விதியில் இருக்கிறது. “முதல் பாதி மலிவுக் கப்பலில் போகட்டும், அடுத்த பாதியில் பார்த்துக்கொள்வோம்” என்று ஒப்பந்ததாரர் சொன்னால் சற்று யோசியுங்கள். அந்த அடுத்த பாதி உங்கள் தலையில்தான் விழும்.

5. ஒன்பது விவரங்கள்

இது இந்தக் கட்டுரையின் உயிர். நிதானமாகப் படியுங்கள். அனுப்பும் பி.எல். நகலில் இருக்க வேண்டியவை: நிதி கொடுக்கும் அமெரிக்கக் கூட்டரசுத் துறை, கப்பலின் பெயர், அதன் பதிவுக் கொடி, ஏற்றிய தேதி, ஏற்றிய துறைமுகம், கடைசியாக இறக்கும் துறைமுகம், சரக்கின் விவரம், மொத்த எடை பவுண்டில், கடல் கட்டணம் முழுவதும் அமெரிக்க டாலரில். எஃப்.ஏ.ஆர். விதியில் கனஅடியும் தெரிந்தால் கேட்கிறார்கள். பாதுகாப்புத் துறைச் சரக்கு என்றால் முதன்மை ஒப்பந்த எண்ணும் கப்பல் நிறுவனத்தின் பெயரும் வேண்டும்.

நம் ஊர் பி.எல். ஒன்றை எடுத்துப் பாருங்கள். இந்த ஒன்பதில் ஐந்தாறுதான் இருக்கும். எங்களுடையதில் எவை விடுபட்டன, ஏன் என்று சொல்கிறேன்.

துறையின் பெயர். நான் பெட்டி கட்டும் நிறுவனத்தின் பெயரை எழுதினேன். திருத்தச் சொன்னபோது நகரக் கழகத்தின் பெயரை எழுதினேன். இரண்டும் தவறு. பணத்தின் ஊற்றான கூட்டரசுத் துறையின் பெயர் வேண்டும்.

கட்டணம். நம் ஃபார்வர்டர்களுக்கு “ஃபிரைட் ஆஸ் அரேஞ்ச்ட்” (கட்டணம் பேசிக்கொண்டபடி) என்று அச்சடிப்பது கைப்பழக்கம். வாடகை எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம் அது. விதி கேட்பதோ கட்டணம் எழுதிய பி.எல்.; ‘ரேட்டட்’ என்று வாசகத்திலேயே இருக்கிறது. வங்கிக்குப் போகும் அசல் பி.எல்.ஐ மாற்ற வேண்டியதில்லை. “ஃபிரைட்டட் காப்பி ஒன்று தனியாகக் கொடுங்கள்” என்று கேளுங்கள். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சொல். கோவையிலிருந்து துறைமுகம் வரைக்குமான லாரி வாடகையை இதில் கலக்காதீர்கள், கேட்பது கடல் கட்டணம்.

“ஆன் போர்டு”. சரக்கைப் பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் சொல்லும் பி.எல். போதாது. கப்பலில் ஏற்றியாயிற்று என்ற முத்திரையும் தேதியும் வேண்டும்.

யாருடைய பி.எல்.? ஃபார்வர்டர் தன் பெயரில் கொடுப்பது ஹவுஸ் பி.எல்., கப்பல் நிறுவனம் கொடுப்பது மாஸ்டர் பி.எல். பாதுகாப்புத் துறை விதி, கப்பலை ஓட்டும் நிறுவனத்தின் பி.எல். என்று வெளிப்படையாகக் கேட்கிறது. மற்ற விதிகளிலும் மாஸ்டர் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது. அதைக் கொடுக்க ஃபார்வர்டர் தயங்குவார், அவருடைய லாபம் வெளியே தெரிந்துவிடும். புக்கிங்கின்போதே இதை நிபந்தனையாக வைத்துவிட்டால் பிறகு முகம் சுளிக்க மாட்டார்.

எடை. ஒரு கிலோவுக்கு 2.20462 பவுண்டு. எங்கள் 18,400 கிலோ, 40,565 பவுண்டு ஆனது. கண்டெய்னரின் சொந்த எடையையும் சேர்த்து நாம் கப்பலுக்குக் கொடுக்கும் வி.ஜி.எம். எண்ணை இங்கே போட்டுவிடாதீர்கள். சரக்கும் அதன் பொதியும் சேர்ந்த எடைதான் வேண்டும். கனஅளவுக்கு, ஒரு கனமீட்டர் என்றால் 35.3147 கனஅடி.

கொடி. பி.எல். படிவத்தில் இதற்குப் பெரும்பாலும் கட்டமே இருக்காது. சரக்கு விவரத்தின் கீழே தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ஃபீடர் இருந்தால் இரண்டு கப்பலின் பெயரையும் இரண்டு கொடியையும் எழுதுங்கள்.

6. எஸ்.ஐ. கொடுக்கும்போதே எழுதிவிடுங்கள்

மேலே சொன்ன எதையும் பி.எல். வந்த பிறகு திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். கப்பல் போன பிறகு திருத்துவதற்குக் கப்பல் நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கும், நாளும் போகும். எங்களுக்கு ஐந்து வேலை நாட்கள் ஆயின. கெடுவுக்கு ஆறு நாள் இருந்ததால் ஒரு நாள் மிச்சத்தில் தப்பினோம். அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுப்பதற்கு (பி.எல்.இல் என்னென்ன வர வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கும் எஸ்.ஐ. இதுதான்) ஒரு கெடு நேரம் இருக்கும். அதற்குள் ஒன்பது விவரங்களையும் எழுதிக் கொடுங்கள். வரைவு பி.எல். வரும்போது, ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபாருங்கள். சரக்கு விவரத்தில் ‘இயந்திர பாகங்கள்’ என்று மொட்டையாக விடாமல் இன்னதென்று எழுதுங்கள்.

7. நாள் கணக்கு

அமெரிக்காவுக்கு வெளியே ஏற்றிய சரக்கென்றால், ஏற்றிய தேதியிலிருந்து 30 வேலை நாட்கள். அமெரிக்காவில் ஏற்றியதென்றால் எஃப்.ஏ.ஆர். விதியில் 20 வேலை நாட்கள். மானிய விதியின் வாசகத்தில் வெறும் ‘20 நாட்கள்’ என்றே இருக்கிறது, ‘வேலை’ என்ற சொல் இல்லை. ஆகவே மானியப் பணமாக இருந்தால் அந்த இருபதைக் காலண்டர் நாளாகவே எண்ணிக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் துறை விதியில் ஒவ்வொரு அனுப்பீட்டுக்கும் பிறகு 30 நாட்கள்.

வேலை நாள் என்பது அவர்களுடைய வேலை நாள். நம் பொங்கலும் தீபாவளியும் கணக்கில் வராது. அவர்களுடைய கூட்டரசு விடுமுறைகள் கழியும். எடுத்துக்காட்டாக, 2025 நவம்பர் 3, திங்கட்கிழமை தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டிக்கு எண்ணிப் பார்ப்போம். சனி, ஞாயிறு கழித்து, நவம்பர் 11, நவம்பர் 27 ஆகிய இரண்டு விடுமுறைகளையும் கழித்தால், முப்பதாவது வேலை நாள் டிசம்பர் 17. ஆறு வாரம் தாராளமாகத் தோன்றும். ஆனால் உங்கள் நகல் ஒப்பந்ததாரர் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அவருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் நாள் வேண்டும். ஏற்றிய பத்து நாளுக்குள் உங்கள் கையை விட்டுப் போய்விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் கப்பல் மாறினால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? நான் எப்போதும் முதலில் வரும் தேதியிலிருந்து, அதாவது தூத்துக்குடித் தேதியிலிருந்து எண்ணுகிறேன்.

8. யாருக்கு, எப்படி அனுப்புவது

இதற்குத் தனிப் படிவம் எதுவும் வேண்டாம், அரசுக்குக் கட்டணமும் இல்லை. தெளிவாகப் படிக்க முடிகிற, ஆங்கிலத்தில் உள்ள பி.எல். நகல், அவ்வளவுதான். மங்கலான ஸ்கேன், கைப்பேசியில் சாய்வாக எடுத்த படம் எல்லாம் வேண்டாம்.

துணை ஒப்பந்ததாரர் நேரடியாக மாராட்டுக்கு அனுப்பக் கூடாது. அரசுடனோ மானியம் பெற்றவருடனோ நேரடியாக ஒப்பந்தம் போட்ட முதன்மை ஒப்பந்ததாரர் வழியாகத்தான் போக வேண்டும். அவர் இரண்டு இடங்களுக்கு அனுப்புவார்: ஒன்று அரசின் ஒப்பந்த அதிகாரி அல்லது மானியம் பெற்றவர், மற்றொன்று மாராட்டின் சரக்குப் பிரிவு. மாராட்டின் மின்னஞ்சல் முகவரி அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. பழைய ஆர்டர்களின் பொடி எழுத்தில் இருக்கும் அலுவலகப் பெயர் மாறிப்போயிருக்கலாம். இப்போதைய பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அயல்நாட்டுக் கொடிக் கப்பலில் போன சரக்குக்கு அறிக்கை வேண்டாம் என்று ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. எங்கள் ஃபார்வர்டரும் அடித்துச் சொன்னார். ஒவ்வொரு அனுப்பீட்டுக்கும் வேண்டும். வேற்றுக் கொடியில் போனதற்கும் நகல் வராவிட்டால் பாதிக் கணக்கை அவர்கள் எப்படிப் போடுவார்கள்?

தெரிந்தே, வேண்டுமென்றே விதியை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 டாலர் வரை அபராதம் என்று சட்ட வாசகம் சொல்கிறது. மீறல் தொடர்ந்தால் அனுப்பிய நாளுக்குப் பின்வரும் ஒவ்வொரு நாளும் தனி மீறல். நம்மைப் போன்ற கடைநிலை சப்ளையருக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து, இன்வாய்ஸ் நிறுத்தி வைக்கப்படுவது.

அனுப்பிய மின்னஞ்சல், கிடைத்தது என்ற பதில், வரைவு பி.எல்., கப்பல் நிறுவனங்களின் பதில்கள் எல்லாவற்றையும் ஆர்டர் எண் போட்ட ஒரே கோப்பில் வையுங்கள். எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்பது ஆர்டர் நிபந்தனையில் இருக்கும். பெரும்பாலும் மூன்று ஆண்டு, ஆனால் எண்ணத் தொடங்குவது கடைசிப் பணம் வந்த பிறகோ மானியக் கணக்கு முடிந்த பிறகோதான். சரக்கு ஏறிய நாளிலிருந்து அல்ல.

இப்போது ஒவ்வொரு புக்கிங்கிலும் ஃபார்வர்டருக்கு நான் ஒட்டும் வாசகம் இது. ஆங்கிலத்தில் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: “இது அமெரிக்கக் கூட்டரசு நிதியில் போகும் சரக்கு. எல்லாக் கப்பல்களின் பெயரும் பதிவுக் கொடியும், ஏற்றிய தேதியும், பவுண்டில் மொத்த எடையும், டாலரில் முழுக் கடல் கட்டணமும் பி.எல்.இல் இருக்க வேண்டும். ‘ஆஸ் அரேஞ்ச்ட்’ ஏற்கப்படாது. ஏற்றிய ஐந்து நாளுக்குள் ஃபிரைட்டட் காப்பியும் மாஸ்டர் பி.எல். நகலும் தர வேண்டும். கப்பல் மாறினால் அன்றே தெரிவிக்க வேண்டும்.”